கூழ் என்றால் கூச்சமா?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபி தருகிறோம், இட்லி ஊற்றுகிறோம். மாவு இல்லையென்றால் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். அடுப்படியில் பானை நிறையக் கூழ் இருந்தாலும், "ஒரு சொம்பு கூழ் குடிக்கிறீங்களா?" என்று கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை. ஏன் இந்தக் கூச்சம், சகோதரிகளே?

எங்கள் எலவனாசூர்கோட்டைக்கு மேற்கே கள்ளக்குறிச்சி. அதற்கும் அப்பால் கல்வராயன் மலை. அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். சாமை, தினை, கேழ்வரகு இவைதான் இவர்களுடைய பழைய பயிர்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தொட்டுக்கொள்ள மொச்சை அல்லது கொள்ளுக் குழம்பு, கொல்லையில் பறித்த கீரை. தானியத்தோடு பயறு சேரும்போது ஒன்றில் குறைகிற புரதத்தை மற்றது ஈடுகட்டுகிறது என்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் அதைச் சட்டியிலேயே செய்து காட்டிவிட்டார்கள்!

இன்று அந்தக் கொல்லைகள் பலவற்றில் மரவள்ளி நிற்கிறது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசியும் விலையில்லாமல் கிடைக்கிறது. பசி தீர்ந்தது, அது பெரிய காரியம். ஆனால் தட்டில் இருந்த பல தானியம் போய் ஒரே தானியம் ஆகிவிட்டது.

மலையிலிருந்து புளி கொண்டு வரும் ஒரு மூதாட்டியிடம், "ஏன் ஆயா, இப்ப சாமை கொண்டாறதில்லையே?" என்று கேட்டேன்.

"சாமை குத்தறதுக்குள்ள தோள்பட்ட கழண்டுடும்மா. அரிசின்னா ஒலைய வச்சமா, எறக்குனமான்னு ஆயிடுது" என்றார்.

நியாயம்தானே! சாமையின் உமி லேசில் போகாது. திருகையில் அரைத்து, புடைத்து, உரலில் குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில். இப்போது அதற்கு மெஷின் வந்துவிட்டது. கஷ்டம் குறைந்த பிறகும் நாம் ஒதுக்குகிறோம் என்றால், காரணம் கூச்சம்தான்.

உலகத்தின் அந்தக் கோடியில், மத்திய அமெரிக்காவில் நிகரகுவா என்று ஒரு நாடு. மக்காச்சோளத்தை வறுத்து அரைத்த மாவைக் கரைத்துக் குடிப்பது அவர்கள் வழக்கம். அதற்கு 'பினோல்' என்று பெயர். கோகோ சேர்த்தால் 'பினோலிய்யோ'. அந்த மக்கள் தங்களையே 'பினோலெரோ' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், 'நாங்க கூழ் குடிக்கிறவங்க' என்பது போல! அரிசியும் சிவப்பு பீன்ஸும் சேர்த்த 'காயோ பிண்டோ'தான் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. அங்கேயும் தானியமும் பயறும்!

இளம் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டுவதை விட்டு, இதைச் செய்து பாருங்கள்.

முளைக் கேழ்வரகுக் கஞ்சி: கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊற வையுங்கள். துணியில் கட்டி, முளை விட்டதும் நிழலில் உலர்த்துங்கள். லேசாக வறுத்து, அரைத்து, சலியுங்கள். இரண்டு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து நன்றாகக் காய்ச்சுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. இது அதற்குப் பிறகுதான். மலைத்தேன் ஆயிற்றே என்று ஒரு வயதுக்குள் தேன் கலந்து விடாதீர்கள், ஆபத்து.

சாமைச் சோறு: ஒரு டம்ளர் சாமையைக் களைந்து அரை மணி ஊற வைத்து, கொதிக்கும் இரண்டரை டம்ளர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் மூடி வேக விடுங்கள். பளபளவென்று தீட்டிய சாமையை வாங்காதீர்கள். தவிடு போனால் சத்தும் போச்சு! சர்க்கரை வியாதிக்காரர்கள் சாமைதானே என்று அளவு மீறக் கூடாது. இதிலும் மாவுச்சத்து உண்டு.

தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் போதும். நாம் கேட்டு வாங்கினால்தான் மலையில் விதைப்பார்கள். விதைத்தால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை மிஞ்சும்.