சுளுக்குக்கு ஒத்தடம்: முதலில் குளிரா, சூடா?

மழை விட்ட காலைப் பொழுதில் தெமோதரைத் தேயிலைச் சரிவுகளில் இறங்கிப் பாருங்கள். வழுக்கும் மண், செங்குத்தான படிகள், முதுகில் கொழுந்துப் பாரம். கால் சறுக்கிக் கணுக்கால் பிசகுவது இங்கே சர்வசாதாரணம். பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலமென்றால் பிள்ளைகளும் நொண்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். உடனே அடுப்பில் வெந்நீர் கொதிக்கும். எண்ணெய் தேய்த்து உருவிவிட ஒருவர் முன்வருவார். அக்கறையில் குறையில்லை, ஆனால் அதற்கான நேரம் அதுவல்ல.

சுளுக்கும்போது எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களும் அறுந்து உள்ளே இரத்தம் கசிகிறது. அந்நேரம் சூடு வைத்தால் குழாய்கள் விரிந்து கசிவும் வீக்கமும் கூடும். அழுத்தி உருவினால் கிழிசல் பெரிதாகும். குளிரோ குழாய்களைச் சுருக்கி, நரம்புகளை மரக்கச் செய்து, வலியைத் தணிக்கும். எனவே முதல் இரண்டு நாட்களுக்குக் குளிர் ஒத்தடமே ஏற்றது.

ஐஸ் கட்டியை ஈரத் துணியில் சுற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம் வையுங்கள். தேவையானால் இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் வைக்கலாம். தோலில் நேரே ஐஸ் பட்டால் தோல் புண்ணாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீட்டில் பீலித் தண்ணீரை வாளியில் பிடித்துக் காலை அமிழ்த்தினாலும் போதும்.

பந்தயக் குதிரைக்கும் இதே வைத்தியந்தான். அதன் முழங்காலுக்குக் கீழே சதைப்பிடிப்பு இல்லை. எலும்பும் நாண்களும் தோலுமே உண்டு. ஆகவே குளிர் விரைவில் உள்ளே இறங்கும். ஓடி முடித்த குதிரையின் கால்களில் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுவதும் ஐஸ் உறை மாட்டுவதும் லாயங்களில் வழக்கம். குளம்பு அழற்சிக்கு ஓரிரு நாட்கள் தொடர்ந்து ஐஸில் நிறுத்துவதும் உண்டு. குதிரை தாங்கும் அந்தக் குளிரை மனிதத் தோல் தாங்காது.

ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். வீக்கமும் குணமாகும் வழியின் ஒரு பகுதியே என்பதால், நீண்ட நேர ஐஸ் குணமடைவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் அவரே திருத்திச் சொன்னார். ஆகவே குளிர் வலி தணிக்க மட்டுமே, அதுவும் அளவோடு.

வீக்கம் வற்றிய பின்னரே சூட்டின் முறை. இறுகிய தசை, நாட்பட்ட இடுப்பு வலி, மூட்டுப் பிடிப்பு ஆகியவற்றுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் இதமளிக்கும். மெல்ல மெல்லக் காலை அசைத்து நடக்கவும் தொடங்க வேண்டும்.

நீரிழிவு உள்ள பெரியவர்களிடம் தனிக் கவனம் தேவை. உணர்ச்சி மங்கிய பாதத்தில் சூடு சுட்டாலும் ஐஸ் புண்ணாக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. அடிபட்டவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தால், அல்லது கால் கோணியிருந்தால், அது எலும்பு முறிவாக இருக்கலாம். அங்கே ஒத்தடம் எதுவும் உதவாது. காலை அசையாமல் கட்டி, தாமதியாமல் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இன்று காட்டும் நிதானம், நாளை அவர் நொண்டாமல் நடக்க உதவும்.