பரணிலிருந்து இறக்கும் சொற்கள்

சொல் தேடல் கட்டமும், படத்தையும் சொல்லையும் கோடு போட்டு இணைக்கும் பயிற்சித்தாளும் இல்லாத தொடக்கப்பள்ளி வகுப்பு இன்று அரிது. விளையாடினாலே சொல்வளம் பெருகிவிடும் என்று செயலிகள் வேறு விற்கப்படுகின்றன. உண்மையிலேயே பெருகுமா? விளையாட்டு என்ற ஒரே காரணத்தால் பெருகாது. குழந்தை சொல்லைக் கண்ணால் பார்க்கிறதா, நினைவிலிருந்து எடுக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. 'சுமைதாங்கி'யைக் கட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் சு, மை, தா, ங், கி என்று ஐந்து பெட்டிகளைக் குழந்தை வட்டமிட்டுவிடும். பொருள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதையே திருப்பிக் கேளுங்கள்: தலைச்சுமையோடு தனியே வருபவர், பிறர் கைகொடுக்காமலே பாரத்தை இறக்கி வைக்க வழியோரம் ஆளுயரத்தில் குறுக்கே கிடத்திய கல்லுக்கு என்ன பெயர்? குழந்தை நெற்றியைச் சுருக்கும். அந்தச் சில விநாடித் தேடலில்தான் கற்றல் நடக்கிறது.

நினைவை வீட்டுப் பரணாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலே கிடக்கும் இட்லிக் கொப்பரையைத் தினமும் அண்ணாந்து பார்த்தால் அது கைக்கு எட்டிவிடாது. ஏணி போட்டு ஒருமுறை இறக்கிவிட்டால், திரும்ப வைக்கும்போது விளிம்பில் வைப்போம். பக்கத்துத் தாம்பாளமும் கூடவே நகர்ந்து முன்னால் வரும். சுமைதாங்கியைத் தேடுகிற பிள்ளைக்குப் பாரம், வழிப்போக்கர், சத்திரம் எல்லாம் சேர்ந்து வருவதைப் போல. சில வாரம் தொடாவிட்டால் வேறு சாமான்கள் முன்னால் அடைத்துக்கொள்ளும். முழுக்க மறைகிற தறுவாயில் மறுபடி இறக்குவதுதான் அதிகப் பலன் தரும். அதனால் ஒரே நாளில் பத்து முறை கேட்பதைவிட, நாளை ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை கேட்பது மேல். தவறான பாத்திரத்தை இறக்கினால், கீழே ஏணியைப் பிடித்திருப்பவர் உடனே சொல்லிவிட வேண்டும்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்பவர்களை நம்ப வேண்டாம். பார்த்துப் படிப்பதைவிடப் பார்க்காமல் ஒப்பிப்பது நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் ஆர்தர் கேட்ஸ் 1917-லேயே பள்ளிக் குழந்தைகளிடம் காட்டிவிட்டார். 2008-ல் உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு வாரம் கழித்து, தொடர்ந்து நினைவிலிருந்து சொல்லிப் பழகியவர்களுக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகு திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 35. ஆனால் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது எல்லோரும் ஏறக்குறைய பாதி என்றே சொல்லியிருந்தார்கள். கற்றுவிட்டோம் என்ற உணர்வு நல்ல அளவுகோல் ஆகாததற்கு இதுவே சான்று.

இது தேர்வு அல்லவா, பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா என்று கேட்பது நியாயம்தான். பயம் மதிப்பெண்ணால் வருகிறது. மதிப்பெண் போடாத கேள்வி விடுகதையாகிவிடும். விடை வராத சின்னப் பிள்ளைக்கு முதல் எழுத்தைத் துப்பாகக் கொடுத்தாலும் தேடல் நடக்கவே செய்யும். பரணில் வைக்காத பாத்திரத்தை எப்படி இறக்குவது என்பது இன்னும் வலுவான கேள்வி. அதற்கு விளையாட்டு போதாது. கதை வாசித்தால் சொல்லை அங்கே ஏற்றலாம். ஆசிரியர்களே, கதையை வாசித்துக் காட்டிய பிறகு சொற்பட்டியலை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் சொல்லுங்கள். சொல்லைப் பிள்ளைகள் சொல்லட்டும்.