நான்கு நண்பரும் இரண்டு தூண்டிற் கோலும்

மீன்பிடித்தல் என்றதும் யாழ்ப்பாணத்திற் பிறந்த நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன களங்கட்டியும் கரைவலையும் அதிகாலையிற் கரைதட்டும் வள்ளங்களுமே. அது கடலோடு மல்லாடி வயிறு வளர்ப்போரின் கடுந்தொழில். அதனைப் பொழுதுபோக்கென்று கூறிக் கைக்காசைச் செலவிட்டு, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள குளிர்மலைக்கு ஒருவர் புறப்படுவாராயின் அவரை என்னவென்று சொல்வது? எமது இல்லத்திற் சொல்லப்பட்ட சொல்லை இங்கு எழுதாது விடுகிறோம்.

இத்தனைக்கும் காரணம் கனடாவிலிருந்து வந்த ஒரு பொதி. தபாற்கந்தோரில் லிகிதராகவுள்ள எமது நண்பருக்கு அவருடைய தமையனார் அனுப்பிய பொதியினுள், ஒன்பது அடி நீளமும் விரற்கடைப் பருமனும் கொண்ட கோலொன்று நான்கு துண்டுகளாக இருந்தது. கூடவே நூற்சுருளும், சிறிய பெட்டியில் இறகுகளாற் கட்டப்பட்ட சில பூச்சிகளும் இருந்தன. அவை உயிருள்ள பூச்சிகளல்ல. தூண்டில் முள்ளை மறைத்துக் கட்டப்பட்ட பொய்ப்பூச்சிகள்.

ஈத்தூண்டில் என்று நாம் பெயரிட்டுக்கொண்ட இக்கலை மிகப் பழையது. மக்கெதோனியாவின் ஆறொன்றில் மீனவர் செந்நிறக் கம்பளி நூலையும் சேவலிறகையும் முள்ளிற் கட்டி மீன்பிடித்ததை உரோமாபுரி எழுத்தாளரான ஏலியன் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் பொய்யீக்களைக் கட்டும் முறையைக் கூறுகிறது. அந்நூல் ஜூலியானா பேர்ணர்ஸ் என்னும் பெண் துறவியின் பெயரால் வழங்கி வருகிறது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே நூலை இழுத்துக்கொண்டு செல்லும். இங்கோ பொய்யீக்குப் பாரமென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே நூலையே தடிப்பாகவும் பாரமாகவும் செய்திருக்கிறார்கள். வீசப்படுவது நூல், ஈ அதன் பின்னே ஒட்டுண்டு போகிறது. நூலுக்கும் ஈக்கும் இடையில், மீனின் கண்ணுக்குத் தென்படாத மெல்லிய தங்கூசி ஒன்பதடி அளவில் இருக்கும். கோலை முதுகுப்புறம் உயர்த்தினால் நூல் பின்னே சென்று முற்றாக விரிய வேண்டும். விரியும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே முன்னோக்கி வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை வாய்க்காதவருக்கு நூல் கழுத்திற் சுற்றும்; எமக்குச் சுற்றியது.

இக்கலைக்குப் பெயர்போன மீன் ட்ரவுட். குளிர்ந்து தெளிந்தோடும் நீரன்றி வேறெங்கும் அது செழிக்காது. 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையிலான நீர் அதற்கு மிக உகந்தது. இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை கால்கொண்ட 1880களில், தாய்நாட்டு நினைவால் வாடிய துரைமார் அம்மீனின் முட்டைகளைக் கப்பலேற்றி வருவித்து நுவரெலியாப் பகுதி ஓடைகளிற் பெருக்க முயன்றனர். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் அவ்வளவாக நிலைக்கவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டோ ஹோட்டன் சமவெளி ஓடைகளிலே தானாகவே குஞ்சு பொரித்துப் பெருகியது. அச்சமவெளி 1988ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. எனவே அங்கு தூண்டிலுடன் நுழையும் எண்ணம் எமக்கு இருக்கவில்லை. வேறெங்குமே காணப்படாத சிற்றிறால் இனமொன்று அவ்வோடைகளில் வாழ்கிறது. வந்தேறிய மீன் அதனை உண்டு தீர்த்துவிடுமோ என்று உயிரியலாளர் கவலைப்படுகின்றனர். துரைமாரின் பொழுதுபோக்குக்கு மலைநாட்டு ஓடைகள் கொடுத்த விலை சிறிதன்று என்பதனையும் இவ்விடத்திற் சொல்லி வைப்பது நேர்மை.

பொதி பிரிக்கப்பட்ட அன்றே மலைநாட்டுப் பயணம் பேசப்பட்டது. லிகிதர், மருந்தாளர், கணித ஆசிரியர், நாம் என நால்வர். பள்ளியில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். முதலாவது திட்டம் ஒரே மாலைப் பொழுதில் தயாராயிற்று. நுவரெலியாவில் நல்ல விடுதி, வாடகைக்கு ஒரு வான், ஆளுக்கொரு புதிய தூண்டிற் கோல். கணக்குப் பார்த்தபோது தலைக்கு 45,000 ரூபா வந்தது. ஆசிரியர் தலையசைத்தார். மூன்றாம் நாள், "நீங்கள் மூன்று பேரும் போய் வாருங்கோ. எனக்கு விடைத்தாள் திருத்துகிற வேலை வந்திட்டுது" என்று சொல்லியனுப்பினார்.

அது விடைத்தாள் திருத்தும் காலமன்று. அதனை அறிந்தும் நாம் ஒரு வாரம் வாளாவிருந்தோம். நண்பர் குழாங்களிற் பயணங்கள் முறிவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். பணம் இல்லையென்று வாய்விட்டுச் சொல்ல எவரும் விரும்புவதில்லை. வேலையென்று சொல்வார்கள், மனைவிக்குச் சுகமில்லையென்று சொல்வார்கள். மற்றவர்களும் நம்பியதுபோலக் காட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். திரும்பி வந்து படங்களைக் காட்டும்போது இடையே ஒரு மெல்லிய திரை விழுந்திருக்கும். "அவருடைய பங்கை நாம் மூவருமாகப் போட்டுவிடுவோம்" என்று நாம் சொன்னோம். மருந்தாளர் எம்மைக் கடிந்துகொண்டார். "உமக்கு அப்படி ஒருவர் போட்டால் வருவீரோ?" என்றார். விடை கூற எம்மால் இயலவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவரும் அவரே. நால்வரையும் தமது வீட்டுத் திண்ணைக்கு அழைத்தார். ஒரே அளவான நான்கு கடதாசித் துண்டுகளை நீட்டி, வீட்டுச் செலவுக்கு இடையூறின்றித் தத்தமக்கு இயன்ற தொகையை எண்ணில் மட்டும் எழுதி, பெயர் எழுதாமல், வெறும் பால்மாத் தகரத்திற் போடச் சொன்னார். மிகக் குறைந்த தொகை எதுவோ அதுவே எல்லோருக்கும் உரிய பங்கு. அதற்கேற்பவே பயணத்தை அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

தகரம் கவிழ்க்கப்பட்டது. ஒரு துண்டில் 40,000. மற்றொன்றில், நாம் எழுதிய 30,000. எஞ்சிய இரண்டிலும் 15,000 என்றே இருந்தது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அத்துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாவது திட்டத்திற்குத் தலையசைத்தவர்களுள் இன்னொருவரும் உள்ளூரத் தவித்திருக்கிறார்! அவர் யாரென்று இன்றுவரை நாம் கேட்கவில்லை. ஆசிரியர் மட்டும் சற்று நேரஞ் சென்று, "திருத்துகிற வேலை முடிஞ்சுது" என்றார்.

மாதந்தோறும் ஆளுக்கு 1,500 ரூபாவாகப் பத்து மாதம் அதே தகரத்திற் போட்டோம். மொத்தம் 60,000 ரூபா. சீட்டுக் கட்டிப் பழகிய நம்மவருக்கு இது புதிதன்று. கணக்குக் கொப்பி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. போக்குவரத்துக்கு 22,000, உணவுக்கு 14,000, தூண்டிற் சாமான்களுக்கு 9,000, மலையில் முச்சக்கர வண்டிக்கு 6,000, அனுமதிக் கட்டணத்திற்கும் ஓடைக் காவலாளியின் கைக்கும் 4,000. எஞ்சிய 5,000 எதிர்பாராத செலவுக்கு. எப்பொருளுக்கு நேரும் சேதமும் பொதுத் தகரத்திலிருந்தே ஈடு செய்யப்படும் என்றொரு விதியையும் ஆசிரியர் சேர்த்துக்கொண்டார். அவ்விதி பின்னர் எமக்கே பயன்படப் போகிறதென்று அப்போது தெரியவில்லை.

புதிய கோல்கள் வாங்குவதில்லையென்று முடிவாயிற்று. கனடாக் கோல் ஒன்று. தோட்டமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவரொருவரிடம் இரவல் பெற்றது மற்றொன்று. நால்வருக்கு இரண்டு கோல் போதுமா என்று ஐயுறுவோருக்கு எமது அனுபவத்திலிருந்து சொல்கிறோம்: போதும், அதுவே நன்று. ஒருவர் வீச, மற்றவர் சற்று உயர்ந்த இடத்திலிருந்து நீரைப் பார்த்து மீன் நிற்குமிடத்தைக் கூறலாம். தனியே வீசுபவருக்கு நீரின் மினுமினுப்பன்றி வேறொன்றும் தெரிவதில்லை.

பொய்யீக்களையும் நாமே கட்டினோம். கடையில் வாங்கியவை முள்ளும் தங்கூசியும் மட்டுமே. சேவலின் கழுத்திறகு லிகிதரின் மாமியார் வீட்டுக் கூட்டிலிருந்து கிடைத்தது. அச்சேவல் அதன்பின் அவரைக் கண்டால் ஓடத் தொடங்கியது. காவடியிலிருந்து உதிர்ந்த மயிற்பீலியின் இழைகளை முள்ளில் நெருக்கிச் சுற்றினால், நீர்வண்டின் உடலைப் போலப் பச்சையும் செம்பும் கலந்து மின்னும். மேனாட்டாரும் மயிற்பீலியையே பயன்படுத்துகின்றனர். முள்ளின் நுனியில் எதிர்ப்புறம் நோக்கி நிற்கும் சிறு கொடுக்கைக் குறட்டால் நசுக்கிவிட்டோம். அப்போது மீனையும் நோகாமல் விடுவிக்கலாம். நண்பரின் காதில் மாட்டினாலும் எளிதிற் கழற்றலாம். இரண்டாவது பயனை ஒத்திகைக் காலத்திலேயே கண்டோம்.

ஒத்திகை பள்ளி மைதானத்துப் புல்லில் நடந்தது. ஈக்குப் பதிலாகக் கம்பளி நூற்றுண்டைக் கட்டி, பழைய சைக்கிள் ரயரைத் தரையிற் கிடத்தி, அதன் நடுவில் விழுமாறு வீசிப் பழகினோம். வேலியோரமாக வந்த முதியவரொருவர் நெடுநேரம் பார்த்து நின்று, "தம்பியவை, இந்தத் தரையில என்ன மீன் அம்பிடும்?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். பின்னர் நாம் குளத்திற்கும் சென்றோம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா நம்மூர்க் குளங்களில் நிறைந்திருக்கிறது. அது பொய்யீக்கும் வாய் திறக்கும். மலைக்குப் போக வசதியில்லாத மாணவர் இக்கலையைக் குளக்கரையிலேயே கற்கலாம்.

காலத்தைத் தெரிவதிலும் பணம் மிஞ்சும். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவிற் கூட்டமும் வாடகையும் உச்சத்திலிருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவமழை ஓடைகளைக் கலக்கிவிடும். பெப்ரவரி 4ஆந் திகதி விடுமுறையை ஒட்டிய நாட்களை நாம் தெரிந்தோம். போயா தினத்தைத் தவிர்த்தோம். பௌத்தர்கள் நோன்பிருக்கும் நாளில் அவர்கள் ஊரின் நீரிலே தூண்டில் போடுவது அழகன்று. அம்பேவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓடைக்குரிய அனுமதியை மருந்தாளரின் சித்தப்பா எழுத்திற் பெற்றுத் தந்தார். அனுமதிக் கடிதம் கையில் வருமுன் பயணச்சீட்டு வாங்கக்கூடாதென்பதில் ஆசிரியர் பிடிவாதமாக இருந்தார். தங்கியதும் சித்தப்பா வீட்டிலேதான். அவர்களுக்கு நாம் கொண்டுசென்றவை பனங்கட்டி, ஒடியல்மா, வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், கருவாடு. மீன்பிடிக்கப் போகிறவர்கள் கருவாடு சுமந்து செல்வதைக் கண்டு பஸ்ஸிலிருந்தோர் சிரித்தனர். அக்கருவாடு எம்மைக் காத்த கதை அவர்களுக்குத் தெரியாது.

இரவு பஸ்ஸிற் கண்டி சென்று, அங்கிருந்து மூன்றாம் வகுப்பில் மலைப் புகையிரதம் ஏறினோம். நானுஓயா கடந்ததும் காற்று ஊசியாய்க் குத்தியது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொல அடுத்த நிலையமாயிருக்க, அம்பேவெலவில் இறங்கினோம்.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியே நிற்கும். ஆகவே கீழ்ப்புறமிருந்து குனிந்து நெருங்க வேண்டும் என்பதை ஏட்டில் அறிந்திருந்தும், நால்வரும் உற்சாகத்தோடு கரையில் நிமிர்ந்து நடந்தோம். எமது நிழல் விழுந்த இடமெங்கும் நீர் வெறுமையாயிற்று. அன்றிரவு கருவாட்டுக் குழம்பு.

இரண்டாம் நாள் காலை வெயில் ஏறுமுன் சென்றோம். கோல் ஆசிரியர் கையில் இருந்தது. பாறைமேற் படுத்திருந்து வழிகாட்டியவர் லிகிதர். "வலப்பக்கத்துக் கல்லுக்குப் பின்னால் ஒன்று நிற்குது" என்றார் அவர். ஆசிரியர் வீசினார், நூல் பின்னே விரியும் வரை பொறுத்து வீசினார். மயிற்பீலி ஈ கல்லருகே விழுந்து, இரண்டு முழம் மிதந்து வந்தது. திடீரென நீர் உள்வாங்கியது. கோல் வில்லாக வளைந்தது. கணித ஆசிரியர் சிறு பிள்ளையைப் போலக் கத்தினார். கைகளை முதலில் நனைத்துக்கொண்டு—உலர்ந்த கை மீனின் வழுக்கற் படையை உரித்துவிடும்—அதனைத் தூக்கினார். ஒரு சாணுக்குச் சற்று மேல். விலாவில் ரோசாநிறக் கோடு, உடலெங்கும் கரும்புள்ளி. எடுத்துச் செல்ல அனுமதியிருந்தும், அவர் அதனை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, அது மூச்சு வாங்கிக்கொண்டதும் கைகளை விரித்துவிட்டார். அன்று மாலை மருந்தாளர் பிடித்த இரண்டையும் சித்தி பொரித்தார். சுவை நன்று, எனினும் எமது ஒட்டிமீனுக்கு அது ஈடாகாது.

திரும்பும் நாளில், முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கும் அவசரத்தில் இரவற் கோலின் நுனியை ஒடித்தவர் நாமே. முகம் கறுத்து நின்ற எம்மிடம் ஆசிரியர் கொப்பியை விரித்து, விதி எழுதிய பக்கத்தைக் காட்டினார். ஊர் வந்து நுனியை மாற்றிக் கட்டுவித்ததற்கு 3,500 ரூபா சென்றது. பெரியவர் கோலை வளைத்துப் பார்த்துவிட்டு, மீன் கிடைத்ததா என்று மட்டுமே கேட்டார்.

எல்லாம் போக 1,840 ரூபா மிஞ்சியது. பங்கிடுவதா என்று ஆசிரியர் கேட்டார். எவரும் பேசவில்லை. அவர் பணத்தைப் பால்மாத் தகரத்திலிட்டு மூடி, நான்கு வெற்றுக் கடதாசித் துண்டுகளை எடுத்து வைத்தார்.