விளக்கொளியில் படமெடுக்கப் பழைய லென்ஸ் போதுமா?

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. இரவு மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. உறுமி மேளம் முன்னே செல்ல, ரதம் லயத்து வீடுகளின் வழியே மெல்ல வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குத்துவிளக்கு, ஒரு தட்டில் தேங்காய் பழம். அந்த விளக்குகளையும் ரதத்தின் மேலிருக்கும் நாலைந்து குழல் விளக்குகளையும் விட்டால் சுற்றிலும் செம்பனை இருட்டுத்தான். பாட்டி தட்டை நீட்டுகிறார். பேரன் கைத்தொலைபேசியில் படமெடுக்கிறான். மறுநாள் பார்த்தால் பாட்டியின் முகம் பஞ்சுபோல் கலைந்து கிடக்கிறது. பக்கத்தில் நின்ற இன்னொருவர் பிளாஷ் போட்டு எடுத்தார். அதில் முகம் சுண்ணாம்பு வெள்ளை, பின்னால் கருஞ்சுவர், தீபச் சுடர் இருந்த இடமே தெரியவில்லை.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியுமா? கெடாவில் கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன. லயங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு வளர்ந்த பிள்ளைகளில் பலர் பெரட்டு என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வாழ்க்கையின் படங்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? இருப்பவற்றில் பெரும்பாலானவை பகலில் வரிசையாக நிற்கவைத்து எடுத்தவை. ஆனால் தோட்ட வாழ்க்கையின் பாதி இருட்டில்தான் நடந்தது. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன்பே நெற்றி விளக்கோடு மரம் சீவப் போனார்கள். பூசை, தீமிதி, கூத்து எல்லாம் இரவில்.

இந்த இருட்டைப் படமாக்க ஆயிரக்கணக்கில் செலவு செய்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தவணை முறையில் பெரிய லென்ஸ் வாங்கி, கடனைக் கட்டி முடிப்பதற்குள் கேமராவையே விற்றுவிடுகிறவர்களும் உண்டு. அவ்வளவு தேவையில்லை. பிலிம் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும். அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். யார் வாங்கக்கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

வேகம் என்றால் என்ன?

லென்ஸில் 'வேகமானது' என்று சொல்கிறார்களே, அது எங்கே ஓடுகிறது? அது ஓடுவதில்லை. அதிக ஒளியை உள்ளே விடுவதால் கேமராவின் ஷட்டர் வேகமாக மூட முடிகிறது, அவ்வளவுதான். லென்ஸின் முகப்பில் 1:1.4, 1:1.8, 1:2 என்று எழுதியிருக்கும். இந்த எஃப் எண் சிறிதாக இருந்தால் ஒளித் துவாரம் பெரிது என்று பொருள்.

கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 ஜூம் லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் எண் எஃப் 5.6. பழைய எஃப் 1.4 லென்ஸ் அதைவிட 16 மடங்கு ஒளியை விடுகிறது. எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 10 மடங்கு. தீப ஒளியில் ஜூம் லென்ஸுக்கு ஒரு நொடியில் 8இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் இடத்தில், எஃப் 1.4 லென்ஸுக்கு 125இல் ஒரு பங்கு போதும். தட்டை நீட்டும் கை முதல் வேகத்தில் கலைந்துவிடும். இரண்டாவதில் அப்படியே நிற்கும். கைத்தொலைபேசியின் இரவு முறையோ பல படங்களை அடுக்கடுக்காக எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. அசையாத கோபுரத்துக்கு அது சரி. உறுமி அடிக்கும் கைக்கு ஒத்துவராது.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுப்பதற்காக, அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கென்று செய்யப்பட்ட எஃப் 0.7 ஸைஸ் லென்ஸைத் தேடிப் பிடித்தார். அன்றைய பிலிம் அவ்வளவு மந்தம். இன்றைய கேமரா ஐஎஸ்ஓ 3200ஐச் சாதாரணமாகத் தாங்குவதால், எஃப் 1.8 வைத்திருப்பவருக்கே அந்த மாதிரிப் படம் கைகூடும்.

முதலில் கேமராவைப் பாருங்கள்

லென்ஸைப் பிறகு தேடலாம். கையிலிருக்கும் கேமரா எது என்பதே முதல் கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் லென்ஸின் அடிப்பாகத்துக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு தூரத்தை வகுத்துக்கொண்டது. அந்தத் தூரம் கெட்டால் தொலைவில் உள்ளது தெளியாது. மிரர்லெஸ் கேமராக்களில் இது மிகக் குறைவு: சோனியில் 18 மில்லிமீட்டர், நிக்கோன் இஸட் வகையில் 16. பழைய லென்ஸ்களுக்கு 40 முதல் 46 மில்லிமீட்டர் தேவை. மீதி இடத்தை அடாப்டர் என்னும் வெறும் உலோக வளையம் நிரப்பிவிடும். அதனால் மிரர்லெஸ் வைத்திருப்பவருக்கு ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸும் பொருந்தும். ஃபோகஸான இடத்தை வண்ணக் கோடிட்டுக் காட்டும் வசதியும், ஒரு பொத்தானில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் அவற்றில் இருக்கின்றன.

டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். திருகி மாட்டும் எம்42 வகை லென்ஸுக்கு 45.46 மில்லிமீட்டர் தேவை. கேனன் இஎஃப் உடலில் தூரம் 44, அதில் பொருந்தும். நிக்கோனில் 46.5, இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரம் தெளியாது, அந்த மலிவுக் கண்ணாடியோ படத்தை மங்கலாக்கும். கேனனின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸே, 1987இல் வந்த இஎஃப் உடலில் இதே காரணத்தால் சரிவராது. பெயர் ஒன்றுதானே என்று வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம். நிக்கோன்காரர்கள் நிக்கோனின் பழைய லென்ஸையே தேடுவது நல்லது. அதிலும் 1977க்கு முந்திய வகையைச் சில உடல்களில் மாட்டினால் விளிம்பிலுள்ள சிறு நெம்பு உடையக்கூடும். விலை குறைந்த நிக்கோன் உடல்களில் ஒளிமானியும் வேலை செய்யாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கேனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவருக்குப் பழைய லென்ஸ் அவ்வளவாகத் தேவையில்லை. 2015இல் வந்த இஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் இரண்டாம் கை விலையில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. தானே ஃபோகஸ் செய்கிறது. பழையதன் மீது ஆசை என்றால் வாங்கலாம். சிக்கனம்தான் நோக்கம் என்றால் அதுவே மேல்.

எதைத் தேடுவது?

மிரர்லெஸ்காரர்களுக்கு வழி அகலம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிலிம் கேமராவோடும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ் வந்தது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதால்தான் இன்று மலிவு. மினோல்டா எம்டி 50 எஃப் 1.7, கேனன் எஃப்டி 50 எஃப் 1.8, ஒலிம்பஸ் ஸுய்கோ 50 எஃப் 1.8, கோனிகா ஹெக்ஸனோன் 50 எஃப் 1.7, பென்டக்ஸ் டாகுமார் 55 எஃப் 1.8 ஆகியவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். எது உயர்ந்தது என்று இரவு முழுக்க விவாதிப்பவர்கள் இருக்கிறார்கள். தீபத்தின் முன்னே நிற்கும் முகத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44-2 பெயர் பெற்றது. 58 மில்லிமீட்டர், எஃப் 2. ஜெர்மன் பையோட்டார் லென்ஸைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. பின்னணியைச் சுழல் போல் காட்டும் அந்தக் குணத்துக்காகவே இன்று விலை ஏறிவிட்டது. இருட்டுக்காக மட்டும் வாங்குபவர் அந்தச் சுழலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எஃப் 1.4க்கு ஆசைப்படலாமா? எஃப் 1.8ஐவிட அது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் ஒளி தரும். விலை பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். முதல் லென்ஸுக்கு எஃப் 1.8 அல்லது 1.7 போதும். டாகுமார் 50 எஃப் 1.4 சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அது நாளாக நாளாக மஞ்சளாகும். சில வாரங்கள் வெயில் படவைத்தால் தெளியும். சாதாரணப் புழக்கத்தில் அஞ்சத் தேவையில்லை. கண்ணாடியை உடைப்பதும் உரசுவதும் மட்டும் கூடாது.

சிறிய சென்சார் கொண்ட கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 போல் நெருக்கமாகக் காட்டும். லயத்து வீட்டின் சின்ன முன்கூடத்தில் முழுக் குடும்பத்தையும் அதில் அடக்க முடியாது. முகத்துக்கும் கைக்கும் ஏற்றது என்று தெரிந்தே வாங்க வேண்டும். மலிவான, வேகமான, அகலக் கோணப் பழைய லென்ஸ் என்று ஒன்று கிடையாது. அந்த இடத்தில் பழைய லென்ஸின் பெருமை முடிந்துவிடுகிறது.

பூசணம்தான் பெரிய எதிரி

நம் நாட்டு ஈரத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸுக்குள் பூசணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். வாங்கும்போது கைத்தொலைபேசி விளக்கை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல்போல் கிளைகள் தெரிந்தால் பூசணம். ஓரத்தில் சிறிதாக இருந்தால் பேரம் பேசலாம். நடுவில் படர்ந்திருந்தால் கையைக் கழுவிவிடலாம். அது பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. பனிபோல் ஒரு வெண்மூட்டம் தெரிந்தால் அதுவும் ஆகாது. பகலில் அது தெரியாது. இரவில் ஒரு விளக்கு எதிரே வந்தால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். உள்ளே நாலு தூசி இருந்தால் கவலையில்லை. முன்கண்ணாடியில் ஒரு கீறலும் பெரிய குற்றமில்லை. பின்கண்ணாடிக் கீறலே அதிகம் கெடுக்கும்.

துவாரத் தகடுகளில் எண்ணெய் படிந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். இருட்டில் துவாரத்தைத் திறந்தே வைக்கப் போகிறவருக்கு அது பெரிய தடையல்ல. விலையைக் குறைக்கச் சொல்ல நல்ல காரணம். ஃபோகஸ் வளையம் மட்டும் வெண்ணெய்போல் திரும்ப வேண்டும். இறுகிய வளையத்தோடு இருட்டில் போராட முடியாது. வீட்டுக்கு வந்த லென்ஸைத் தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு என்பது சரியான அளவு.

திருவிழாவுக்கு முன்பு

வாங்கியவுடன் தைப்பூசத்துக்குச் சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் ஆலயக் கூட்டத்தில் நின்று பழகலாம் என்று நினைப்பது தவறு. வீட்டுப் பூசை விளக்கின் முன்னே ஒரு வாரம் பழக வேண்டும். கேமரா பட்டியலில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற அனுமதியை முதலில் திறந்துவிட வேண்டும். பல கேமராக்கள் இது இல்லாமல் படமே எடுக்காது. உடலில் நடுக்கத் தடுப்பு இருந்தால் 50 என்று கையால் பதிய வேண்டும்.

சிறிய சென்சாரில் 2 மீட்டர் தூரத்தில் எஃப் 1.4இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். மூக்கு தெளிந்தால் காது மங்கும். கைகள் பழகும்வரை எஃப் 2இல் வைத்தால் படமும் கூர்மையாகும், பிழையும் குறையும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கும் மலிவு எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 100இல் ஒரு பங்கில் வைத்தால் படத்தில் பட்டைபட்டையாக நிழல் விழாது. வெளிச்ச அளவைக் கேமராவின் போக்கில் விடாமல் ஒரு படி குறைத்து வைத்தால் சுடர் சுடராகவே இருக்கும். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். அதைப் பகலாக்க முயன்றால் படம் கெட்டது.

ஓடும் ஆளின் பின்னால் வளையத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவது வீண் வேலை. ரதம் எந்த வாசலில் நிற்கும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரம் முன்பே அந்த வாசலுக்குப் போய், விளக்கை ஏற்றி வைத்து, பாட்டியை நிற்கச் சொல்லி, அவருடைய கண்ணில் ஃபோகஸை வைத்துவிட்டு, வளையத்திலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். உறுமி நெருங்கும்போது ஷட்டர் பொத்தானில் மட்டும் விரல் இருந்தால் போதும்.