தர்பூசணி: மணற்பாங்கான நிலத்தின் கோடைப் பயிர்

வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த தர்பூசணி ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கொடிப் பயிராகும். நீர் தேங்காத மணற்பாங்கான நிலமும், வறண்ட காற்றும், 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் இதற்கு உகந்தவை. ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே கொடியில் தனித்தனியே மலர்கின்றன. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் தேனீக்களே. பூக்கும் பருவத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் விளைச்சலைத் தாமே குறைத்துக்கொள்கிறார். காய் முற்றும் தறுவாயில் பாசனத்தைக் குறைத்தல் வேண்டும். நீர் மிகுந்தால் இனிப்புக் குன்றும், காய் வெடிக்கவும் கூடும். காயை அடுத்த பற்றுக்கம்பி காய்வதும், மண்ணில் படிந்த பகுதி மஞ்சள் நிறம் பெறுவதும் முதிர்ச்சியின் அடையாளங்கள்.

விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம், மரக்காணம் வட்டாரங்களில் மார்கழி, தை மாதங்களில் விதைத்து, ஏறத்தாழ 80 நாட்களில் காய் பறிக்கின்றனர். முதலீடு விரைவில் திரும்புகிறது என்பது உண்மையே. ஆனால் விளைச்சல் முழுவதும் ஒருசேரச் சந்தைக்கு வருகிறது. நெடுநாள் சேமித்து வைக்கவும் இயலாது. சதைக்குச் சிவப்பு நிறம் தருவது தக்காளியிலும் காணப்படும் லைக்கோபீன் என்னும் இயற்கை நிறமி. இருப்பினும், 2025ஆம் ஆண்டு கோடையில் பழத்தில் சாயம் ஏற்றப்படுவதாகப் பேச்சுப் பரவியது. அறுவடைக் காலத்திலேயே விலை சரிந்தது. பறிகூலிக்கும் கட்டாத நிலையில் காய்கள் வயலிலேயே அழுகின.