புகைக்குழாயும் இன்ஜின்தான்

கிழக்கு ஜெர்மனியின் சிற்றூர்களில் 15, 16 வயதுப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரைவிட வயதில் மூத்த வண்டிகளில் சுற்றுவதை இன்றும் பார்க்கலாம். தூரிங்கியா மாநிலத்தின் சூல் நகரில், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் தயாரான சிம்சன் மொபெட்டுகள் அவை. 50 சிசி, டூ-ஸ்ட்ரோக். பறவைப் பெயர் கொண்ட ஒரு வரிசையே அதில் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது ‘ஷ்வால்பே’. நம்மூரில் தகைவிலான் என்று சொல்லும் குருவியின் பெயர். 1964 முதல் 1986 வரை 10 லட்சத்துக்கும் மேல் உருவாகி வெளியே வந்தது.

பழைய வண்டிமேல் இளையவர்களுக்கு ஏன் இந்த மோகம்? சட்டம் தந்த சலுகை ஒரு முக்கியக் காரணம். இன்று ஜெர்மனியில் மொபெட்டின் உச்ச வேகம் மணிக்கு 45 கி.மீ. ஆனால் 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபோது போட்ட ஒப்பந்தம், 1992 பிப்ரவரி முடிவதற்குள் சாலைக்கு வந்துவிட்ட கிழக்கு ஜெர்மனி மொபெட்டுகளை 60 கி.மீ. வரை ஓட விட்டது. அந்த 15 கி.மீ.க்காகவே சிம்சனுக்குக் கிராக்கி குறையவில்லை. அதோடு, தாத்தா செய்த ஒரு வேலையும் பேரனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது: சைலன்சரைக் கழற்றி அதற்குள் படிந்த கரியை எடுப்பது.

எவ்வளவு எண்ணெய் போகிறது?

நாலு-ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த வசதி இல்லை. பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய், போகிற வழியில் பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்புத் தந்துவிட்டு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியேற வேண்டியதுதான்.

ஐம்பதுக்கு ஒன்று என்ற கலவையில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல் என்று வைத்துக்கொண்டால், 10,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது ஆறு லிட்டர் எண்ணெய் புகைக்குழாய் வழியாகப் போயிருக்கும். பழைய வண்டிகளின் முப்பத்துமூன்றுக்கு ஒன்று என்ற கலவையில் இது ஒன்பது லிட்டரைத் தொடும். அதில் முழுதாக எரியாத பங்குதான் கசடாகத் தங்குகிறது.

எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி தங்குவதில்லை. சிலிண்டரின் வெளியேற்று வாயருகே சூடு அதிகம். அங்கே கரி கல் போல இறுகும். பின்னே போகப் போகக் குழாய் குளிரும். அங்கே எண்ணெய் ஆவி மீண்டும் துளியாகி, கரித்தூளோடு குழைந்து, தார் போலப் பிசுபிசுக்கும். கடைக்கும் வீட்டுக்குமாக அரை கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்குக் குழாய் சூடேறவே நேரம் கிடைக்காது. அதன் சைலன்சர்தான் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

குழாயை அளந்தவர்

அடைத்தால் என்ன, புகை வெளியே போகக் கொஞ்சம் சிரமப்படும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். டூ-ஸ்ட்ரோக்கில் அவ்வளவோடு முடிவதில்லை.

இந்த இன்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள வாய்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. புதுக் கலவை உள்ளே வரும் வாயும் புகை வெளியே போகும் வாயும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்தக் கணத்தில் புகையை இழுத்து வெளியேற்றவும் வேண்டும், அதன் பின்னாலேயே ஓடிவிடப் பார்க்கும் புதுக் கலவையைத் தடுத்து நிறுத்தவும் வேண்டும். யார் செய்வது? குழாய்தான் செய்கிறது.

இதைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டியவர் வால்டர் காடன். சாக்சனி மாநிலத்தின் ட்ஷோப்பாவ் ஊரில், எம்இசட் மோட்டார்சைக்கிள் ஆலையின் பந்தயப் பிரிவை 1953 முதல் நடத்தியவர். வெடித்து வெளியேறும் வாயு குழாய்க்குள் ஓர் அழுத்த அலையாக ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை ‘உறிஞ்சும்’ அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை இழுக்கும். குழாய் மறுபடி குறுகும் கூம்பில் பட்டு ‘தள்ளும்’ அலையாகத் திரும்பி, வெளியே வந்துவிட்ட புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திணிக்கும். எந்த நீளத்தில் விரிய வேண்டும், எங்கே குறுக வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காடன் அந்த அலைகளை ஆசிலாஸ்கோப் திரையில் பார்த்துப் பார்த்துக் குழாயின் வடிவத்தைத் தீட்டினார்.

1961இல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அந்த இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்ற எடுத்துக்கொண்ட நேரம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்தரைப் பங்கு. அதற்குள் அலை போய்த் திரும்பி வேலையை முடித்தாக வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடனில் நடந்த பந்தயத்தோடு எம்இசட் வீரர் ஏர்ன்ஸ்ட் டேக்னர் மேற்கே தப்பிப் போய் சுசூகியில் சேர்ந்தார். இந்த நுட்பமும் அவரோடு போனது. 1962இல் அவர் சுசூகிக்காக 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார்.

சாதாரண சிம்சனின் சைலன்சருக்குள்ளும் இப்படி ஓர் எதிர்க்கூம்பு உண்டு. பந்தய வண்டி அளவுக்கு நுட்பமில்லை என்றாலும் பாடம் ஒன்றே. கரி படிந்து துளைகள் சிறுத்தால் குழாயின் உள்வடிவம் மாறுகிறது. அலை குலைகிறது, புகை சிலிண்டருக்குள் தேங்குகிறது. பிக்கப் போய்விடும். முழு ஆக்சிலேட்டரிலும் வண்டி மேலே ஏறாது, சூடு கூடும். தேங்கிய புகையால் ஒரு வெடிப்பு விட்டு ஒரு வெடிப்பு தவறி, நாலு-ஸ்ட்ரோக் போல வண்டி தடுமாறும். ஜெர்மானியர் இதற்கு ‘ஃபியர்டாக்டன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நாலு தாளம் போடுதல்’ என்று சொல்லலாம்.

கரி எடுக்கும் கலை

சிம்சனை வடிவமைத்தவர்கள் கரி படியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்கள். அதனால்தான் அதன் சைலன்சர், பின்மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதை உருவியெடுக்கும்படி இருக்கிறது. உருவிய பாகங்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, அடைத்த துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தாலே பாதி வேலை முடிந்தது.

எட்டாத இடத்துக்கு நெருப்பு. இதை ‘ஔஸ்பிரென்னன்’, அதாவது எரித்தெடுத்தல் என்பார்கள். கரிப்புகைத் தூள் தானாகப் பற்றி எரிய சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் சைலன்சரின் பின்பகுதி அந்தச் சூட்டைத் தொடாது. அதனால் குழாயை வண்டியிலிருந்து தனியே கழற்றி, திறந்த வெளியில், பெட்ரோல் வாடையே இல்லாத இடத்தில் வைத்து, கேஸ் டார்ச்சால் ஒரு முனையில் கனல் மூட்டிக் காற்று ஊதுவார்கள். கனல் மெல்ல மறுமுனை வரை தின்றுகொண்டு போகும். ஆறிய பின் தட்டினால் சாம்பல் கொட்டும். குரோம் பூச்சு நீலம் பாய்ந்துவிடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

மற்றொரு வழி நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் பழகிய காஸ்டிக் சோடா. இது எண்ணெய்ப் பசையை அறுக்கும். பசை போனால் கரி உதிரும். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அலுமினியம் அருகே கொண்டுபோகவே கூடாது. அதை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை விடும்.

சிலிண்டரின் வெளியேற்று வாயைச் சுரண்டும்போது பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, இரும்பு உளிக்குப் பதில் மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த கரி முதலில் ஒட்டும். எந்த முறையானாலும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்: அந்தக் கருந்தூளில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் உண்டு.

கரி சேருவதைக் குறைக்கவும் முடியும். எண்ணெயை அளந்து ஊற்றுவது முதல் வழி. ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றுவது இன்ஜினுக்குச் செய்யும் உபகாரமல்ல. 2டி எண்ணெய் டப்பாவில் ஜாசோ எஃப்டி என்றிருந்தால் கசடைக் கழுவும் திறன் கூடுதல் என்று பொருள்.

நம்மூர் ஆர்எக்ஸ் 100 பிரியர்களுக்கு ஒரு செய்தி. யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ-1 (1955), ட்ஷோப்பாவ் ஊரில் அதற்கு முன்பு டிகேடபிள்யூ உருவாக்கிய ஆர்டி 125 வண்டியைப் பார்த்துச் செய்தது. ஆக, உங்கள் வண்டியின் பாட்டன் ஊரும் அதுதான். அந்த ஆர்எக்ஸின் சைலன்சருக்குள் இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெருவே அதிர ஓட்டுகிறவர்கள் உண்டு. சத்தம் கூடும், ஆனால் திரும்பி வர வேண்டிய அலையின் கணக்கும் தப்பும், இழுவையும் சேர்ந்து போகலாம். குழாய்க்குள் கரியும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. எடுக்க வேண்டியது கரியை மட்டும்.