வானிலிருந்து வேட்டைக் காட்டைப் பார்த்தல்

வேட்டைக்குப் புறப்படுபவன் முதலில் காட்டை அறிந்துகொள்ள வேண்டும் என்பது பழைய விதி. எந்த ஓடையில் நீர் வற்றாது, எந்தச் சரிவிற் புல் முதலில் தளிர்க்கும், மாலையிற் காற்று எப்பக்கம் திரும்பும் என்பவற்றை அக்காலத்தவர் நடந்து நடந்தே கற்றனர். இன்று ஐக்கிய அமெரிக்காவிலே, காட்டுக்கு ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள நகரத்தில் இருந்துகொண்டே, கணினித் திரையில் விரியும் செய்மதிப் படங்களிலிருந்து அவ்வறிவின் ஒரு பகுதியை ஒருவன் தேடிக்கொள்ளுகிறான். இஃது எவ்வாறு இயலுகின்றது, எவ்விடத்தில் இயலாது போகின்றது, இதனையொட்டி எழுந்த வழக்கொன்று எங்ஙனம் முடிந்தது என்பன பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

றொக்கி மலைப் பகுதியில் வேட்டைக்காரர் பெரிதும் நாடும் விலங்கு எல்க் என்னும் மான். இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலேயர் நம் மலைநாட்டு மரையையே 'எல்க்' என்று அழைத்தனர். ஆனால் அமெரிக்க எல்க் வேறோர் இனம். நன்கு வளர்ந்த கலை எழுநூறு இறாத்தல் நிறை கொள்ளும். நம் நாட்டில் மரை வேட்டைக்குச் சட்டம் இடந்தராது. அங்கோ மாநில அரசாங்கங்கள் பருவத்தை வரையறுத்து, அனுமதிச் சீட்டு வழங்கி, வேட்டையை நடத்த விடுகின்றன.

படங்களின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1972ஆம் ஆண்டு யூலையில் விண்ணுக்கு ஏவப்பட்ட முதலாவது லான்ட்சாட் செய்மதி பூமியைத் தொடர்ந்து படம் பிடிக்கத் தொடங்கிற்று. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 80 மீற்றர் அகலமுள்ள நிலமாகும்; வேட்டைக்காரனுக்கு அதனால் ஆவது சிறிதே. 2005இல் கூகிள் ஏர்த் வெளிவந்த பின்னரே தனித்தனி மரத்தையும் மாட்டுப்பட்டியையும் பிரித்துக் காட்டும் படங்கள் பொதுமக்கள் கைக்கு எட்டின. செய்மதிப் படம் என்று நாம் பொதுவாகச் சொல்லுகிறோமாயினும், அவற்றுள் மிகத் தெளிவானவை பல ஆகாய விமானத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்கிவிட வேண்டும். திரையில் மான் நடமாடுவதைக் காணலாமென்று சிலர் நினைக்கின்றனர். அது முடியாது. அப்படம் சில மாதங்களுக்கு முன்னரோ சில ஆண்டுகளுக்கு முன்னரோ எடுக்கப்பட்டது. அதிலே தேட வேண்டியது மானை அன்று. மான் விரும்பும் இடத்தையே.

எல்க்கின் நாளொழுங்கை அறிந்தவனுக்கு அப்படம் பேசத் தொடங்கும். அந்தியிலும் விடியலிலும் அது திறந்த புல்வெளியில் மேயும்; பகலில் அடர்ந்த மரநிழலிற் படுத்திருக்கும். வட அரைக்கோளத்திலே மலையின் வடக்குச் சரிவு வெயில் குறைந்தது. ஈரம் தங்கி ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்வதும் அங்கேதான். தெற்குச் சரிவு வெயில் பட்டு உலர்ந்து புல்லாய்க் கிடக்கும். ஆகவே படத்திற் கருமையாய்த் தோன்றும் வடக்குச் சரிவும், அதனை அடுத்து வெளிறிய சிறு புல்வெளியும், அருகிலே நீரும் கூடுமிடம் எதுவோ அங்கே ஒரு குறியிடுவான். இரு சிகரங்களுக்கிடையே தாழ்ந்திருக்கும் கணவாயும் கவனிக்கத்தக்கது; பக்கம் மாறும் விலங்கு களைப்புக் குறைந்த வழியையே தேடும். காட்டுத் தீயால் எரிந்த நிலத்தில் சில ஆண்டுகளில் இளந்தளிர் செழிக்கும். கூகிள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் வசதி உண்டாதலால், எரிந்த காலத்தையும் ஒருவாறு மட்டிடலாம்.

தெருவைப் பற்றியும் ஒரு சொல். ஒறெகன் மாநிலத்து ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டிற் பல ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சி, வாகனம் ஓடும் பாதைகளை விட்டு எல்க் விலகி நிற்கும் என்பதைக் காட்டிற்று. அதனால் வேட்டைக்காரன் படத்தில் முதலிற் பாதைகளைப் பார்த்து, அவற்றுக்கு மிக அப்பாலுள்ள மூலைகளைத் தெரிந்தெடுக்கிறான்.

ஆனால் தூரத்தை நாடுபவன் திரும்பி வருதலையும் எண்ண வேண்டுமல்லவா? மேலிருந்து நோக்கும் படம் மலையைத் தட்டையாக்கி விடுகின்றது. விரலளவாய்த் தெரியும் இடைவெளியில் ஆயிரம் அடி ஆழமான பள்ளம் கிடக்கலாம். இதற்கு மருந்து சமவுயரக் கோடுகளுள்ள பழைய இடவிளக்கப் படமே. அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் 1:24,000 அளவுத்திட்டப் படத்தில் ஓரங்குலம் என்பது இரண்டாயிரம் அடி; கோடுகள் நெருங்கியிருந்தாற் சரிவு செங்குத்து. எல்க் ஒன்றின் இறைச்சி மட்டும் இருநூறு இறாத்தலைத் தாண்டும். அதனைப் பங்குபங்காக முதுகிற் சுமந்து பலமுறை நடக்க வேண்டும். செப்டெம்பர் மாத வெயிலில் தாமதித்தால் இறைச்சி கெட்டுவிடும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டு வருதல் அங்கே பல மாநிலங்களிற் குற்றம். எனவே எங்கே சுடலாம் என்று கேட்பதற்கு முன், எங்கிருந்து சுமந்து வரலாம் என்று படத்தைக் கேட்பவனே அறிவுள்ளவன்.

இனி, காணி உரிமை பற்றிய செய்திக்கு வருவோம். இப்பொருளில் மிகவும் சுவையானது இதுவே என்பது என் எண்ணம்.

அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் வனச்சேவையும் நில முகாமைத்துவப் பணியகமும் சேர்ந்து ஏறக்குறைய 43 கோடியே 80 இலட்சம் ஏக்கர் பொதுக்காணியைப் பராமரிக்கின்றன. இலங்கையின் பரப்பைப் போல் இஃது 27 மடங்காகும். அங்கே பெரும்பாலான இடங்களில் எவரும் சென்று வேட்டையாடலாம். எனினும் 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, மேற்கு நோக்கிப் புகையிரதப் பாதை அமைத்த கம்பனிகளுக்குப் பாதையின் இருமருங்கிலும் ஒரு சதுரமைல் விட்டு ஒரு சதுரமைலாகக் காணி வழங்கப்பட்டது. எஞ்சிய சதுரங்கள் அரசாங்கத்திடமே இருந்தன. இதனால் நிலம் சதுரங்கப் பலகை போலாயிற்று. கறுப்புக் கட்டங்கள் பொதுக்காணி, வெள்ளைக் கட்டங்கள் தனியார் காணி என்று கொண்டால், ஒரு கறுப்பிலிருந்து மற்றக் கறுப்புக்கு மூலை வழியாக மட்டுமே போகலாம். அம்மூலையைக் கடப்பவனின் தோள் தனியார் காணிக்கு மேலுள்ள காற்றை ஒரு கணம் தொடாமற் போகாது. இவ்வாறு மூலைகளாற் பூட்டுண்டு கிடக்கும் பொதுக்காணி மேற்கு மாநிலங்களில் 83 இலட்சம் ஏக்கர் என ஒன்எக்ஸ் என்னும் படக் கம்பனி 2022இற் கணக்கிட்டது. அஃது இலங்கையிற் பாதி.

முன்னாளில் அம்மூலை எங்கே உள்ளதென்று நில அளவையாளனே அறிவான். இன்றோ அத்தகைய கம்பனிகள் செய்மதிப் படத்தின்மேல் காணி எல்லைகளை வரைந்து கைத்தொலைபேசியிலே தருகின்றன. மிசூரியைச் சேர்ந்த வேட்டைக்காரர் சிலர் 2020இலும் 2021இலும் வயோமிங் மாநிலத்து எல்க் மலையில், அப்படத்தின் துணையோடு அளவைக் குறியைக் கண்டுபிடித்து மூலையைக் கடந்தனர். இரண்டாம் முறை உருக்கு ஏணியொன்றையும் கொண்டு சென்று, தனியார் மண்ணில் ஓர் அடியும் வையாமல் ஏறி இறங்கினர். அத்துமீறிப் பிரவேசித்தனர் என்று வழக்கு வந்தது. 2022இல் யூரிமார் அவர்களைக் குற்றவாளிகள் அல்லர் எனத் தீர்த்தனர். காணிச் சொந்தக்காரர் தம் காணியின் பெறுமதி குன்றியதென்று குடியியல் வழக்கும் தொடுத்தார்.

காணியுடையாரின் மனத்தாங்கலைப் புறக்கணித்தல் நியாயமன்று. பெரும் பணங்கொடுத்துத் தனிமையை வாங்கியவருக்கு, அயலார் ஏணியோடு வருதல் உவப்பாயிராது. ஆயினும் பொதுமக்களின் நிலத்தை வேலியின்றியே அடைத்துவைத்தல் அதனினும் பெரிய குறையென்றே எனக்குத் தோன்றுகின்றது. நீதிமன்றங்களும் அப்பக்கமே சாய்ந்தன. பொதுக்காணியை வளைத்து அடைப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, பத்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்று 2025 மார்ச்சில் வேட்டைக்காரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது.

அத்தீர்ப்பு வயோமிங், கொலறாடோ, யூட்டா, நியூ மெக்சிக்கோ, கன்சாஸ், ஒக்லகோமா ஆகிய ஆறு மாநிலங்களையே கட்டுப்படுத்தும். வடக்கே அடுத்துள்ள மொன்டானா அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததன்று. மூலை கடத்தல் சட்டத்துக்கு மாறானது என்பதே அங்குள்ள அதிகாரிகளின் நிலைப்பாடு. ஆகவே அம்மாநில எல்லைக்கு அப்பாற் செல்லும் வேட்டைக்காரன், திரையிலே அதே நிறத்தில் அதே சதுரங்களைக் கண்டாலும், தெருவோடு தொட்டுக்கிடக்கும் பொதுக்காணியையே தேடிக் குறியிட வேண்டியவனாகிறான்.